சங்கத்து பஸ்ஸின் முன் சீட்டு

புளிச்சோறும் கோடாலித் தைலமும் மல்லிகைப் பூவும் ஒன்றாகக் கலந்தால் என்ன வாசனை வரும் என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். எங்கள் சங்கத்து டூர் பஸ்ஸின் வாசனை அது. வாழை இலையில் கட்டிய சோற்றுப் பொட்டலங்கள் கூடை கூடையாகப் பின் சீட்டில் இருக்க, பஸ் ஓட்டம் ஒத்துக்கொள்ளாத பெண்கள் ஆளுக்கொரு தைலச் சீசாவை மூக்கருகே பிடித்திருக்க, எல்லார் தலையிலும் கீரமங்கலத்துப் பூ சரம் சரமாகத் தொங்க, இத்தனைக்கும் நடுவில் அறந்தாங்கி தாண்டுவதற்குள் எப்படியும் ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிடும். தைலம் எல்லாரிடமும் இருந்தது, ஏனென்றால் எல்லார் வீட்டு ஆம்பளைகளும் வெளிநாட்டில் இருந்தார்கள்.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. 'வெளிநாடு வாழ் நண்பர்கள் சங்கம்' என்று பலகையில் நீளமாக எழுதியிருந்தாலும் ஊரில் அதற்குப் பெயர் 'பாரின் சங்கம்'தான். உறுப்பினர்கள் குவைத்திலும் சவுதியிலும் துபாயிலும் இருந்தார்கள்; கூட்டத்துக்கு வந்ததெல்லாம் அவர்களுடைய மனைவிகளும் பிள்ளைகளும். மாப்பிள்ளை இல்லாத கல்யாணம் என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். செயலாளர் ரெங்கசாமி மாமா, குவைத்தில் சாரத்திலிருந்து விழுந்து ஒரு கால் ஊனமாகி, விசாவை ரத்து செய்து அனுப்பிவிட, 'கேன்சலில்' ஊர் திரும்பியவர். பொங்கலுக்குக் கோலப்போட்டி, ஆண்டு விழா, மே மாதத்தில் டூர் என்று எல்லாவற்றையும் அந்தக் காலை இழுத்து இழுத்து அவர்தான் நடத்துவார். ஒரு வருடம் சித்தன்னவாசல், ஒரு வருடம் திருமயம் கோட்டை, பெரும்பாலும் மணமேல்குடி கடற்கரை. லீவில் வந்திருக்கும் நாலைந்து பேர் சென்ட் மணக்க, பளபளக்கும் சட்டையில் பந்தி பரிமாறுவார்கள்.

எங்கள் டூரில் ஒரு பழக்கம் உண்டு. கீரமங்கலத்திலிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் கூடவே வந்து ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாகப் படம் எடுப்பார். அம்மா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம், நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு வெற்றிடம். "எடம் விட்டு நில்லுங்க, எடம் விட்டு நில்லுங்க" என்று அவர் கத்திக்கொண்டே இருப்பார். பிறகு பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து அப்பாவின் தலையை எடுத்து, கோட்டு சூட்டு போட்ட எவனோ ஒருவனுடைய உடம்பில் ஒட்டி, அந்த இடத்தில் நிறுத்திவிடுவார். ஆகவே எங்கள் ஊரில் எந்த வீட்டு ஆல்பத்தைத் திறந்தாலும் மணமேல்குடி வெயிலில் வேர்க்காமல் கோட்டு போட்டு நிற்கும் ஒரு மனிதரைப் பார்க்கலாம். எங்கள் வீட்டிலும் அப்படிச் சில படங்கள் இருந்தன. எனக்கு அப்பா என்றால் முக்கால்வாசி அந்தக் கோட்டுக்காரர்தான்.

அப்பா சவுதியில் கட்டட வேலையில் இருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் அன்றைக்குத்தான் ரெங்கசாமி மாமா வீட்டுக்குப் போன் வரும். பெண்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்து, மணி அடிக்கும்போதெல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு எங்களுக்கு மட்டும் போன் வருவது நின்றுபோயிற்று. கம்பெனியில் சம்பளம் சரியில்லை என்று அப்பா வெளியே ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். அப்படிக் காகிதம் இல்லாமல் வேலை பார்க்கிறவர்களை லீவில் வந்தவர்கள் 'கல்லிவல்லி' என்பார்கள். "பாலைவனத்துக்கு உள்ள ஒரு பண்ணையில இருக்கான் தங்கச்சி, அங்கிட்டு போனெல்லாம் கெடையாது, பொதுமன்னிப்பு விட்டாங்கன்னா வந்துருவான்" என்று ரெங்கசாமி மாமா அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பினாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? லீவில் வந்த ஒவ்வொருவரும் எங்கள் வீட்டுக்கு ஒரு பையோடு வந்தார்களே! "அண்ணன் குடுத்துவிட்டுச்சு" என்று சொல்லிப் போர்வை, பவுடர் டப்பா, தைலம், எனக்குக் கலர் பென்சில் என்று வைத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போய்விடுவார்கள். டூர் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலிருக்கும் முன் சீட்டை எங்களுக்கு என்றே ஒதுக்கினார்கள். பந்தியில் அம்மா இலையில் கேட்காமலே இரண்டாவது ஜாங்கிரி விழுந்தது. ஆண்டு விழாவில் குத்துவிளக்கு ஏற்ற யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தபோது மட்டும் அம்மா பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அது ஏன் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, ஹார்ன் அடிக்கச் சொல்லி டிரைவரை நச்சரித்துக்கொண்டு, எங்களுக்குக் கிடைத்த மரியாதையை எண்ணிப் பூரித்துப்போயிருந்தேன்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாய் இரண்டு வருடம் மூடியே கிடந்தது. எனக்குத் தெரிந்து அதற்கு முன்பும் பின்பும் எந்த விஷயத்திலும் அது அப்படி மூடிக் கிடந்ததில்லை.

அந்த மே மாதமும் மணமேல்குடிதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, கடற்கரைச் சவுக்கு நிழலில் படம் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் முறை வந்ததும் அம்மா முந்தானையைச் சரி செய்து, பூவைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு, என்னைத் தள்ளி நிறுத்தி நடுவில் இடம் விட்டாள். முதல் லீவில் வந்திருந்த கணேசன் என்பவர், அப்பா கம்பெனியை விட்டு ஓடிய பிறகு தங்கியிருந்த அறையிலேயே கொஞ்ச நாள் தங்கியவர், தண்ணீர்க் குடத்தோடு அந்தப் பக்கமாக வந்தார். வந்தவர் நின்று, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "அண்ணந்தான் தவறிப்போயிருச்சே மதினி, இன்னமும் எதுக்கு எடம் விட்டு நிக்கிறீங்க? பிள்ளைய கிட்ட சேத்து நிறுத்துங்க."

ஊருக்கே தெரிந்த விஷயம் வீட்டுக்குத் தெரியாமலிருக்கும் என்று அந்த மனிதர் எப்படி நினைப்பார்? அங்கிருந்து தகவல் சொல்லி இரண்டு வருடமாயிற்று, காரியம்கூட முடிந்திருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறார்.

அம்மா "எப்ப?" என்று மட்டும் கேட்டாள். கணேசன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டுக் குடத்தை மணலில் இறக்கி வைத்தார். அம்மாவும் பார்த்தாள். ஒரு முகத்திலாவது அதிர்ச்சி இருந்திருந்தால் அவள் கொஞ்சம் பிழைத்திருப்பாள் என்று நினைக்கிறேன். எல்லாரும் தலையைத்தான் குனிந்தார்கள். பரிமாறியவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக் கொடுத்தவர்கள், கூடத்தில் கூடவே போனுக்குக் காத்திருந்தவர்கள் என்று அத்தனை பேரும்.

திரும்பும்போதும் எங்களுக்கு முன் சீட்டைத்தான் விட்டுவைத்திருந்தார்கள். அம்மா அதில் உட்காராமல் பின்னால் போய், காலிக் கூடைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியுதா அவனுக்கு" என்று யாரோ கணேசனைத் திட்டியது எங்கள் காதில் விழுந்தது. அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவனைத் திட்டாதீங்க. இத்தன பேருல அவன் ஒருத்தந்தான் எங்கிட்ட பேசுனான்."

மறுநாள் ரெங்கசாமி மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இந்தப் போர்வைய யாரு வாங்குனது?"

"முருகேசன், தங்கச்சி."

"இந்தத் தைலம்?"

அதற்கும் ஒரு பெயர் சொன்னார். பவுடர் டப்பாவை எடுத்தபோது அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "அது நாந்தான். திருச்சியில வாங்கி, வெல ஒட்டியிருந்தத சுரண்டிட்டுக் கொண்டாந்தேன்."

பிறகுதான் நடந்ததைச் சொன்னார். அப்பா கட்டட உச்சியிலிருந்து விழுந்திருக்கிறார். வேலைக்கு வைத்தவன், காகிதமில்லாத ஆளை வைத்ததற்குப் பிடிபடுவோம் என்று ஓடிவிட்டான். அறையில் தங்க வைத்தவர்களும் போலீஸுக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. பேர் தெரியாத பிணமாக அங்கேயே எங்கேயோ புதைத்துவிட்டார்கள். விஷயம் ஊருக்கு வந்தபோது பூனைக்கு யார் மணி கட்டுவது என்று ஆகிவிட்டது. இந்த லீவில் வருபவன் சொல்லட்டும் என்று ஒருவர், அடுத்த லீவில் வருபவன் சொல்லட்டும் என்று இன்னொருவர். சொல்ல வந்த ஒவ்வொருவரும் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருப்பேன். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறாமல் இருப்பது அதனால்தான்.

நாள் தெரியாததால் அப்பாவுக்குத் திதி கிடையாது, அமாவாசைதான். அதைக்கூட அம்மா தாங்கிக்கொண்டாள். "செத்தவனுக்கு நான் சிங்காரிச்சுக்கிட்டு நிண்டேன், அதை அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு நிண்டாங்க" என்று எப்போதாவது சொல்லும்போதுதான் அவளுக்குக் குரல் உடையும்.

அடுத்த மே மாதம் டூர் கிளம்பியது. நாங்கள் போகவில்லை, நடந்ததை ஊரே வந்து சொன்னது. கைக்குழந்தையோடு ஏறிய மல்லிகா சித்தியிடம், கூட்டமாக இருக்கிறதே என்று ரெங்கசாமி மாமா முன் சீட்டைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். "ஐயோ, எங்க வீட்டுக்காரருக்கு என்னாச்சு? சொல்லுங்கண்ணே, என்னாச்சு?" என்று அவள் பஸ்ஸுக்குள்ளேயே விழுந்து புரண்டிருக்கிறாள். ஒன்றுமில்லை என்று சொல்லச் சொல்ல அழுகை கூடியது. அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் "எங்ககிட்டயும் எதையாச்சும் மறைக்கிறீங்களா?" என்று பிடித்துக்கொண்டார்கள். பஸ் கிளம்பவே இல்லை. புளிச்சோற்றை ஊருக்குள்ளேயே வினியோகித்தார்கள். அதன் பிறகு டூர் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்த வாரமே மல்லிகா சித்தி இன்னும் சில பெண்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, எங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீங்க வந்து சொல்லிருங்க. மத்தவங்கள நாங்க நம்பல" என்றாள். அம்மா சரியென்றாள்.

இப்போது சங்கக் கட்டடம் இருக்கிறது, பலகை இல்லை. பூட்டுத் துருப்பிடித்துவிட்டது. ரெங்கசாமி மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வரிசைக்கு வேலையில்லாமல், அடுப்படியிலிருந்தபடியே புருஷன் முகத்தைப் போனில் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். சங்கம் என்று மிச்சமிருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் காலை வணக்கங்களுக்கும் நடுவே எப்போதாவது ஒரு படமும், 'குடும்பத்தாருக்கு இன்னும் தெரியாது, தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம்' என்ற வரியும் வரும். அதைப் படித்துக் காட்டியதும் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு வந்து என் ஸ்கூட்டியில் ஏறிவிடுவாள். போகிற வீட்டில் அவள் அழுவதில்லை, சுற்றி வளைப்பதில்லை. அந்தப் பெண்ணை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, ஆள் பெயரைச் சொல்லி, செத்துவிட்டார் என்று சொல்வாள். "பாதியாச் சொல்லக்கூடாது. பாதி சொன்னா அவ மீதிய நம்பிக்கிட்டுக் கெடப்பா" என்பாள். எத்தனை வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி அந்த முதல் கூக்குரலுக்காகக் காத்திருந்தேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

போன மாதம் மல்லிகா சித்திக்குப் பேரன் பிறந்தான். அவள் புருஷன் இன்னும் துபாயில்தான் இருக்கிறார். பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. சட்டை, தொட்டில் துணி எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு என்னோடு கிளம்பியவள், தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். "நீ போய்க் குடுத்துட்டு வா. என்னைய வாசல்ல பாத்தா அவளுக்கு நெஞ்சு நின்னுரும்" என்றாள்.

நான் போனேன். என் ஸ்கூட்டியைப் பார்த்ததுமே மல்லிகா சித்தி வாசலில் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கண் என் முகத்துக்கு வராமல் எனக்குப் பின்னால் இருந்த சீட்டைத்தான் தேடியது.

"அக்கா வரலையில்ல?"

"இல்ல சித்தி."

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

தெரு முனையில் கரண்டுக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்த அம்மா, ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏறினாள். கொஞ்ச தூரம் போனதும், பிள்ளை யார் ஜாடை என்று கேட்டாள். வீடு வந்து சேரும்வரை கண், மூக்கு, முடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.