சொந்த விருப்பத்தின் பேரில்

நான் எழுதி வைத்திருந்த விண்ணப்பத்தை அந்த அம்மாள் இரண்டு முறை படித்தார். முதல் முறை ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை ஓட்டி, உதடு அசைய, மெதுவாக. இரண்டாம் முறை விரல் இல்லாமல். கழுத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஏதோ ஒரு தையல் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார். நான் மூடி கழற்றிய பேனாவை அவர் பக்கம் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தேன். அதுவரை எந்தப் பெற்றோரும் அந்தக் கடிதத்தைப் படித்ததில்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அது என்ன கடிதம் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் நான் தமிழாசிரியை, ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும்கூட. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் எங்கள் பள்ளி ஆண்டு தவறாமல் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. வாசலில் கட்டும் பேனரில் பிள்ளைகளின் முகங்களைவிட அந்த நூறுதான் பெரிதாக இருக்கும். அது எப்படி வந்தது என்பது ஒன்பதாம் வகுப்பு டீச்சருக்கு நன்றாகத் தெரியும். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் முதல்வர் ஒரு சின்னப் பட்டியலைக் கொடுப்பார். அடுத்த வருஷம் தேறமாட்டார்கள் என்று அவர் முடிவு செய்த பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோரைக் கூப்பிட்டு, இங்கேயே இருந்தால் ஒன்பதாவதில் ஃபெயில், டி.சி. வாங்கிக்கொண்டு போனால் பாஸ் என்று போட்டுத் தருகிறோம் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். டி.சி. வேண்டுமென்று அவர்களே எழுதித் தந்ததாக ஒரு காகிதமும் வேண்டும். எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது. "எங்கள் குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று ஒரு தகப்பனாகவோ தாயாகவோ மாறி நானே எழுதுவேன். ஓர் ஒற்றுப்பிழை இருக்காது.

அப்போது மனசு உறுத்தவில்லையா என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், பெரிதாக உறுத்தவில்லை. வேறு பள்ளியில் போட்டால் பிள்ளைக்கு இந்த நெருக்கடி இருக்காது, நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வருஷப் பட்டியலில் ஐந்து பேர். நான்கு கையெழுத்து வாங்கியாகிவிட்டது, அந்தக் காகிதங்கள் மேசைமேல் என் முன்னாலேயே கிடந்தன. ஐந்தாவதாக வந்தவர் இந்த அம்மாள், கள்ளிக்குப்பத்திலிருந்து.

"இன்னா மிஸ் இது, குடும்பச் சூழ்நிலைன்னு எழுதிக்கீது? எங்கூட்ல இன்னா சூழ்நிலை? நல்லாத்தான கீறோம்" என்றார்.

எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றேன்.

"சொந்த விருப்பம்னு வேற போட்டுக்கீறீங்க. என் விருப்பத்த எப்ப கேட்டீங்க?"

மாட்டிக்கொண்டால் எல்லா டீச்சரும் செய்வதை நானும் செய்தேன், முதல்வர் அறைக்கு அழைத்துப் போனேன். முதல்வர் சிரித்த முகம் மாறாமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார். "டி.சி. வாங்கிகினு போனா பாஸு, இங்கயே இருந்தா ஃபெயிலா மேடம்? ரெண்டும் அதே பரீட்ச, அதே பேப்பரு. எடத்துக்கு எடம் மார்க்கு மாறுமா?" முதல்வர் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பினார். "சரி மிஸ், நான் கையெழுத்து போடறேன். ஸ்கூல்ல போவச் சொன்னாங்க, அதனால போறோம்னு மாத்தி எழுதுங்க. இப்பவே போட்டுத் தரேன்."

அந்த வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் எந்த அதிகாரியிடம் போனாலும் பள்ளியின் மானம் போயிருக்கும். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, லேட்டானா உள்ள உடமாட்டான் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். விஷயம் வெளியே போய்விடும் என்று பயந்து முதல்வர் அவருடைய மகளுக்கு ஒன்பதாவதில் பாஸ் போட்டுவிட்டார். "ஒரு கையெழுத்து வாங்கத் தெரியல உங்களுக்கு. இனி அந்தப் பொண்ணு உங்க பொறுப்பு. ரிசல்ட் போச்சுன்னா உங்களாலதான்" என்று முதல்வர் என்னிடம் சொன்னார்.

அந்தப் பெண்ணோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எதைக் கேட்டாலும் "தெரியும் மிஸ்" என்பாள், ஒன்றும் தெரியாது. கணக்கு டீச்சர் கையை விரித்துவிட்டார். தமிழ் எடுக்கிற நான் பள்ளி விட்டபிறகு தினமும் ஒரு மணி நேரம் அவளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வாரம் கத்தித் தீர்த்த பிறகுதான் புரிந்தது, அவளுக்குப் பின்னமே தெரியாது. அரை பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டால், மூன்றுதானே பெரிது என்று மூன்றில் ஒரு பங்கைக் காட்டினாள். நான்காம் வகுப்பில் தெரிந்திருக்க வேண்டியது. எல்.கே.ஜி.யிலிருந்து எங்களிடமே படித்தவள். ஆண்டுதோறும் மேலே மேலே ஏற்றிவிட்டு, கடைசிப் படிக்கு முன்னால் இறங்கச் சொல்லியிருக்கிறோம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் காட்டுவது? கைக்கு எட்டியவள் அவள்தான், அவளையே திட்டினேன். "உங்கம்மா வாயில பாதி உனக்கு இருந்தாக்கூடப் பொழச்சுக்குவ" என்று ஒருநாள் சொன்னபோது அழுதுவிட்டாள். மறுநாளும் வந்தாள்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த அம்மாள் வருவார். நோட்டைப் புரட்டி, தேதி தேதியாகப் பார்ப்பார். "பன்னண்டாந்தேதிக்கு அப்பறம் பதினஞ்சுதான் கீது. நடுவுல இன்னா ஆச்சு மிஸ்?" என்பார். காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்ஷனுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. ஒரு நன்றியாவது சொல்கிறாரா பார் என்று மனதுக்குள் பொருமுவேன்.

அவள் பாஸ் செய்தாள். கணக்கில் தட்டுத் தடுமாறிக் கரையேறினாள், அறிவியலில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே. தன் வயதுப் பிள்ளைகளோடு, ஒரு வருஷம்கூட வீணாகாமல். வாசலில் வழக்கம்போல நூறு போட்ட பேனர் ஏறியது. முதல்வர் எனக்குக் கைகொடுத்தார். எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. தினம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு வருஷம், இவ்வளவுதானே தேவைப்பட்டிருக்கிறது?

மதிப்பெண் சான்றிதழ் வாங்க வந்த அந்த அம்மாள் முதல்முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப பாடுபட்டீங்க மிஸ்" என்றார். அப்புறம் கையை விடாமலே கேட்டார். "அன்னிக்கு இன்னும் நாலு பேருக்கு எழுதி வெச்சிருந்தீங்களே, அந்தப் புள்ளைங்க இன்னா ஆனாங்க?"

எங்காவது சேர்ந்திருப்பார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு எதுவும் இல்லை. அன்று மாலையே நான்கு எண்களுக்கும் போன் செய்தேன். இரண்டு உபயோகத்தில் இல்லை, ஒன்றை யாரும் எடுக்கவில்லை, இன்னொன்றில் வேறு யாரோ பேசினார்கள். அடுத்த வருஷம் அந்தப் பள்ளியிலிருந்து விலகி, காட்டுப்பாக்கத்துக்குக் குடிவந்து, வேறு பள்ளியில் சேர்ந்தேன். பழைய பள்ளியில் இப்போது விண்ணப்பத்தை அச்சடித்தே வைத்துவிட்டார்களாம். யாரும் மெனக்கெட்டு எழுத வேண்டியதில்லை.

அந்த அம்மாளின் மகள் இப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். போன மாதம் கரையான்சாவடியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். கடைச் சீருடைப் புடவையில் நின்றிருந்த பெண், "மிஸ்! என்னத் தெரியுதா?" என்று ஓடி வந்தாள். தெரிந்தது. நால்வரில் ஒருத்தி. பத்தாவது எங்கே எழுதினாய் என்று கேட்டேன்.

"எங்க மிஸ் எழுதறது? பூந்தமல்லிக்கு ஊடு மாத்திகினு வந்துட்டோம். அப்பறம் சேரலாம், அப்பறம் சேரலாம்னு அப்பிடியே உட்டுப்போச்சு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்துப் போட்டாள். "அப்பா இப்பகூட ஒங்களப் பத்திப் பேசும் மிஸ். அதுக்கு எழுதத் தெரியாதுல்ல. நீங்கதான் உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, பொறுமையா எழுதிக் குடுத்தீங்களாம். அந்த ஸ்கூல்லயே ஒங்களுக்குத்தான் நல்ல மனசுன்னு சொல்லும்."

ஒன்றும் வாங்காமல் எழுந்தால் அவளுக்குத் திட்டு விழும் என்று, கையில் அகப்பட்ட ஒரு புடவையை எடுத்துக்கொண்டேன். பில் போடும் இடம்வரை கூடவே வந்தாள். "ஒங்களப் பாத்தேன்னு அப்பாகிட்ட சொல்றேன் மிஸ். ரொம்ப சந்தோஷப்படும்" என்றாள்.