பூஜைக்கு அணைத்த கணினி

ஆயுத பூஜை அன்று காலை ஓசூர் ஜூஜுவாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் இருந்தோம். விற்பனையைப் பார்த்துக்கொண்ட பங்குதாரர், அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் பெண். கீழே டயர் கடை வைத்திருந்த கட்டடச் சொந்தக்காரர், பூஜைக்காக வேட்டி மாற்றிக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தார். நான்காவது ஆள் நான். இல்லாதவர் மேடம். கம்பெனியைத் தொடங்கியவர் அவர். பணம் போடுவதாகச் சொன்ன ஒருவரைப் பார்க்க முதல் பஸ்ஸிலேயே பெங்களூரு போய்விட்டார். முந்தின நாள் மாலை கிளம்பும்போது மேசை மேசையாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எல்லாத்துக்கும் பொட்டு வைங்க, மாலை போடுங்க, நான் வேண்டாங்கல. அந்த ஒரு கம்ப்யூட்டர மட்டும் அணைச்சிராதீங்க." திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு அவருக்கு. பன்னிரண்டு வருடம் ஓசூர் ஆலைகளில் வேலை பார்த்தும் அது மாறவில்லை.

அந்த ஒரு கணினி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஓசூரைச் சுற்றியுள்ள நடுத்தர ஆலைகளில் கணினி என்றால் கணக்கு எழுதுவதற்கு என்றுதான் பலரும் இன்னும் நினைக்கிறார்கள். ஆனால் எந்த இயந்திரம் எந்தப் பாகத்தை எந்த அளவில் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் இன்று ஒரு சர்வரில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து யாராவது அதற்குள் புகுந்து பூட்டிவிட்டால் ஆலை நின்றுவிடும். நாங்கள் ஆலைக்குள் ஒரு சிறிய பெட்டியை வைப்போம். விபரீதமாக ஏதாவது அசைந்தால் அது எங்கள் அலுவலகத்துக்கு எச்சரிக்கை அனுப்பும். பெட்டியே தொடர்பைத் துண்டிக்கும்படி முதலில் செய்திருந்தோம். ஒருமுறை அது ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைத் தவறாகத் துண்டித்துவிட, வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே குரலில், ஆள் பார்த்து முடிவு செய்தால் போதும் என்றார்கள். பகல் முழுக்க அந்த ஆள் நான். கைப்பேசிக்கு வரும் எச்சரிக்கையும் அந்தக் கணினி வழியாகத்தான் வரும். இன்னொரு கணினி வாங்கி மாற்றாக வைக்க வேண்டும் என்று மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

நான் கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே ஒரு கிராமத்துக்காரன். அப்பா அம்மா இருவரும் கூலிக்குப் போனவர்கள். அப்பா பிறகு ஒரு ஆலையில் லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். டிப்ளமோ முடித்து, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் இரண்டு வருடம் பயிற்சியில் இருந்தேன். அங்கே ஆயுத பூஜைக்கு வைத்த கருவியை மறுநாள் காலை மறுபூஜை போடும்வரை யாரும் தொடக்கூடாது. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க விடமாட்டார்கள். வருடம் முழுக்க விரல்களுக்குப் பயந்து வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு முக்கியம் என்பது பிரஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எனக்கும் அது உடம்பில் ஊறியிருந்தது.

ஆகவே அன்று பதினோரு மணிக்கு மற்ற கணினிகளெல்லாம் அணைந்து, சந்தனமும் குங்குமமுமாக வரிசையில் நின்றபோது, அது ஒன்று மட்டும் விசிறி இரைய ஓடிக்கொண்டிருந்தது எனக்கு உறுத்தியது. மேடம் சொன்னது நினைவில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். கற்பூரம் காட்டி முடிக்கும்வரை கால் மணி நேரம், அவ்வளவுதான் என்று நினைத்து அணைத்தேன். அணைத்து, அதற்கும் பொட்டு வைத்தேன். கட்டடச் சொந்தக்காரர் தீபாராதனை காட்டிவிட்டு, "நாளைக்குக் காலைல நான் வந்து எடுக்கற வரைக்கும் எதையும் தொடாதீங்கப்பா" என்றார். கணினியைத் திரும்பப் போட மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கை நீளவில்லை. சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "விடுய்யா. இன்னிக்கு திருடனும் அவன் லேப்டாப்புக்குப் பூஜை போட்டுட்டிருப்பான்." எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஒரு மணிக்கு ஆளுக்கொரு பொரி கடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கிளம்பினோம்.

மூன்று மணிக்கு ஆலையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. எங்களிடம் இருந்த நான்கு வாடிக்கையாளர்களில் அதுதான் பெரியது. கார்களுக்குப் பாகம் செய்து அனுப்பும் ஆலை. சர்வரில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஏதோ வந்திருக்கிறது என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர். நான் அலுவலகத்துக்கு ஓடிப்போய், மாலையைக் கழற்றிவிட்டு, கணினியைப் போட்டேன். பெட்டி தன் வேலையைச் செய்திருந்தது. பதினொன்று நாற்பதுக்கு முதல் எச்சரிக்கை. பிறகு நிமிடத்துக்கு ஒன்றாக, வாங்க ஆளில்லாமல் தேங்கிக் கிடந்தவை எல்லாம் திரையில் கொட்டிக்கொண்டே இருந்தன. முதல் ஒன்றைப் பார்த்து ஒரு பொத்தானைத் தட்டியிருந்தால் ஒரே ஒரு கணினியோடு போயிருக்கும். திரைமேல் வைத்த குங்குமம் என் விரலில் ஒட்டியிருந்தது. மேடத்தை அழைத்துச் சொன்னேன். "நான்தாங்க மேடம் அணைச்சன்." "வாரேன். யாருகிட்டயும் ஒண்ணும் பேசாதீங்க" என்றார். விடுமுறைக் கூட்டத்தில் எல்லையில் அத்திப்பள்ளியைத் தாண்டவே அவருக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆலை முதலாளி வரச்சொல்லியிருந்தார். சாரின் காரில் அவரும் மேடமும் நானும் போனோம். அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். சார் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார். ஆலையில் எப்படி நுழைந்தார்கள் என்பது தெரிந்துவிட்டது: பூஜைக்கு முன் பில்களை முடிக்க வந்திருந்த கணக்குப் பிரிவு அக்கா, சப்ளையர் அனுப்பியது போல் இருந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்திருக்கிறார். "நம்ம பெட்டி எச்சரிக்கை அனுப்புச்சு. அது பொய் இல்லை. நாம போன் பண்ணோம், பூஜை சத்தத்துல யாரும் எடுக்கலன்னு சொல்லிடலாம். எவன் போய் பாக்கப்போறான். அந்தம்மா திறந்ததும் பொய் இல்லையே." நான் பின்னிருக்கையில் இருந்தேன். அவர் சொன்னது நடக்கக்கூடியதாக இருந்தது என்பதுதான் பயங்கரம். எங்கள் பதிவுகள் எங்களிடம்தான் இருந்தன. வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

மேடம் ஒன்று மட்டும் கேட்டார்: "அந்தம்மாவ என்ன பண்ணியிருக்காங்க?"

"நேத்தே ஐடி கார்டை வாங்கிட்டாங்களாம்."

"திறக்குறது அவங்க வேலை சார். பில்லு வந்தா திறந்துதான் பாக்கணும். திறந்தப்புறம் என்ன ஆச்சுன்னு பாக்கதுக்குத்தான் நமக்குச் சம்பளம்."

"இத சொன்னா கம்பெனி இருக்காது மேடம். மூணு வருஷ உழைப்பு."

மேடம் முன்னிருக்கைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். திட்டும் பார்வையாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

முதலாளி அறையில் அந்த அக்கா சுவரோரம் நின்றிருந்தார். கர்நாடக எல்லையோரத் தளி ஊர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எங்களைப் பார்த்ததும், "நானு ஏனு மாட்லி சார்" என்றார், நான் என்ன செய்வேன் என்று. இரவு முழுக்க அழுத முகம். மேசையில் அவருடைய அடையாள அட்டை, படம் மேலே தெரிய, கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பிரித்த பொரிப் பொட்டலம். முதலாளி எங்களை உட்காரச் சொல்லவில்லை. "மூணாம் நாள் சென்னைக்கு லாரி போகணும். மிஷினு பூரா நிக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கறன். உங்க சாமான் வேலை செஞ்சுதா, இல்லியா?"

"செஞ்சுது சார்," என்று சார் ஆரம்பித்தார். "பதினொன்னு நாப்பதுக்கே எச்சரிக்கை வந்துது. உடனே நாங்க..."

"எங்க பக்கத்துக் கம்ப்யூட்டர அணைச்சிருந்தோம்" என்றார் மேடம். அவர் குரல் உயரவில்லை. "வந்த எச்சரிக்கைய யாரும் பாக்கல. பாத்திருந்தா இவங்க கம்ப்யூட்டரோட நின்னிருக்கும். தப்பு எங்களோடது."

"யாரு அணைச்சது?" என்றார் முதலாளி.

"கம்பெனி."

"கம்பெனிக்குக் கை இருக்குதா?"

மேடம் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நான் பேசியிருக்கமாட்டேன். "நான்தாங்க சார். பூஜைக்கு அணைச்சன்."

அவருக்குப் பின்னால் கண்ணாடி வழியே பட்டறை தெரிந்தது. ஒவ்வொரு இயந்திரத்திலும் வாழைக்கன்று, மாலை, பொட்டு. அவர் ஒருமுறை திரும்பி அதைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நானும்தாம்பா அணைச்சன். நான் பிரஸ்ஸ அணைச்சா பிரஸ் சும்மா இருக்கும், யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நீ கண்ண மூடிக்கறதுக்கா எங்கிட்ட மாசாமாசம் காசு வாங்கற?"

அவர் மேசைமேல் கிடந்த அட்டையை விரலால் தள்ளினார். "போம்மா. போய் உக்காரு." மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்களிடம் ஒப்பந்தம் முடிந்தது என்றார். சர்வரைத் திரும்ப ஓடவைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சரி என்றார் மேடம்.

வராந்தாவில் அந்த அக்கா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், அந்த வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும். "நேத்து மூணு மணிக்கே உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நேத்தே ஒரு போன் போட்டிருந்தா நான் தூங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர்கிட்ட ஏச்சு வாங்கியிருக்க மாட்டேன்." உள்ளே போய்விட்டார். மேடம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "அது என் தப்பு. யாருகிட்டயும் பேசாதீங்கன்னு நான்தானே சொன்னேன்" என்று படியிறங்கும்போது சொன்னார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு ஒன்பது நாள் நானும் அவரும் அந்த ஆலையிலேயே கிடந்தோம். பழைய நகல்களிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாக மீட்டோம். பணம் கேட்டவனுக்கு ஒரு ரூபாய் போகவில்லை. முதல் இரண்டு நாள் எங்களுக்கு யாரும் டீகூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் இரண்டு கிளாஸ் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். இடையில் மேடம் மற்ற மூன்று வாடிக்கையாளர்களுக்கும் நேரில் போய் நடந்ததைச் சொன்னார். அவர்களாகக் கேள்விப்படுவதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒருவர் விலகினார். இருவர், அடுத்த பூஜைக்கு யார் உட்கார்ந்திருப்பார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தார்கள். பணம் போடுவதாகச் சொன்ன பெங்களூருக்காரருக்கும் சொன்னார். மார்ச்சில் பேசலாம் என்றார் அவர், மார்ச்சில் பேசவில்லை. சார் மாத இறுதியில் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போனார். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளும் இருந்தவர். என் வேலையையும் சேர்த்துத்தான் அந்தப் பொய்யால் காப்பாற்றப் பார்த்தார்.

சென்ற மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் ஒரு நண்பனும் சேர்ந்து இப்போது சிறியதாக ஒரு பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி நடத்துகிறோம். தொழில் தொடங்கியவர்களிடம் கற்ற பாடங்கள் என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். பெங்களூரில் மேடை மேடையாகப் போய்க் கேட்டுக் குறித்து வைத்தவை என்னிடம் நிறைய இருந்தன. சீக்கிரம் தோற்றுப் பாருங்கள், வேகமாக வளருங்கள், நல்ல ஆட்களைச் சேருங்கள். எல்லாவற்றையும் சொன்னேன், கை தட்டினார்கள். மேடத்தைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. முன்வரிசையில் என்னைப் போலவே வீட்டில் முதலாவதாகப் படிக்கிற பையன்கள் இருந்தார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான் என்று திரும்பும் பஸ்ஸில் தோன்றியது: நாம் விற்பது பெட்டியும் மென்பொருளும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். வாங்குகிறவரோ, தான் அசந்திருக்கும்போது இன்னொருவர் விழித்திருப்பார் என்று வாங்குகிறார். அந்த விழிப்பு ஒருநாள் தவறிவிட்டால், தவறியது என்று சொல்கிற வாயாவது மிஞ்ச வேண்டும். வேறு மூலதனம் இந்தத் தொழிலில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சர்வர் ஓடத் தொடங்கிய நாள், ஆலை வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மேடத்திடம் கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். அவர் சிரித்தார், பத்து நாளில் முதல் தடவையாக. "பிடிச்சா நாலு வருஷத்துக்கு மேல ஆகும். அது வரைக்கும் என்ன சாப்பிடுவீங்க? விடுங்க. வீட்டுல நிக்கிற காரையும் நகையையும் விலை பேசி முடிச்சிட்டேன்." எவ்வளவு மேடம் என்றேன். சொல்லமாட்டேன் என்றார். நான் விடவில்லை. ஆலைக்குத் திருப்பிக் கொடுத்த ஒரு வருடக் கட்டணம், புது சர்வர், லாரி தவறியதால் சென்னைக்குத் தனித்தனி வண்டி பிடித்து அவசரமாக அனுப்பிய பாகங்களின் செலவு, சார் பிரித்துக் கேட்டிருந்த பங்கு, எல்லாம் சேர்த்து, பஸ் வந்து நின்று படியில் கால் வைக்கும்போது சொன்னார்: எட்டு லட்சத்து எழுபத்தோராயிரம் ரூபாய்.