கழனித் தண்ணீரும் என் ஆங்கில வாக்கியமும்

நிகழ்ந்ததைச் சொல்வதற்கு முன், அது தொடங்கிய நாளில் என் நிலை யாதெனத் தெளிவுபடுத்துவது முறை. ஆங்கில இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவன் நான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வார்ப்பட ஆலையின் பணியாளர் துறையில் முப்பதாண்டுகள் இருந்து, மேலாளராக ஓய்வு பெற்றவன். என்மீது ஒரு மெமோகூட எழுதப்பட்டதில்லை. பிறர்மீது எழுதப்பட்டவை பெரும்பாலும் என் கையால் எழுதப்பட்டவை.

அதில் எனக்கு நியாயமான பெருமை உண்டு. பிறர் பொருளைத் தகாத வழியில் எடுப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள வினைச்சொற்களை நான் தராசில் நிறுத்துப் பயன்படுத்தினேன். நான்கு நட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டவர் ‘பில்ஃபர்’ செய்தார். புதியவர்களை மிரட்டிக் காசு வாங்கிய மேஸ்திரி ‘எக்ஸ்டார்ட்’ செய்தார். தேர்தலே நடத்தாமல் சங்கத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் ‘உசர்ப்’ செய்தார். நம்பி ஒப்படைத்ததைத் தனதாக்கிக்கொண்டவருக்கு மட்டுமே ‘மிஸ்அப்ரோப்ரியேட்’. முதல் சொல்லுக்கு நான்கு நாள் இடைநீக்கம்; கடைசிச் சொல்லுக்கு வேலையே போய்விடும். ஒருவருக்குரிய சொல்லை இன்னொருவர் தலையில் வைத்த பழி எனக்கில்லை.

ஓய்வுக்குப் பின் ஆரம்பாக்கத்தில் குடியேறினேன். அடுத்த தெருவில் ஒரு பெண்மணி. அதே ஆலையின் கேன்டீனில் பாத்திரம் துலக்குபவர். வீட்டில் இரண்டு எருமைகள், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஒரு மகள். ஒருநாள் காலையில் ஒரு தாளோடு வந்து நின்றார்.

“அய்யா, இத்த கொஞ்சம் படிச்சி சொல்லுங்க. கையெழுத்து வாங்கினு குட்த்தாங்க. இன்னான்னே தெரியல, பேஜாரா கீது.”

கேன்டீனில் மிஞ்சும் சோறு, காய்கறித் தோல், வடிகஞ்சி எல்லாம் சேர்ந்த கழனித் தண்ணீரை இரண்டு நீல டிரம்களில் நிரப்பி, மொபெட்டில் கட்டி, எருமைகளுக்கு அவர் கொண்டுபோவதைப் பத்தாண்டுகளாகத் தொழிற்பேட்டை முழுவதும் கண்டிருக்கிறது. புதிதாக வந்த நிர்வாக அதிகாரி அதை வாயிலில் நிறுத்தி, ‘நிறுவனச் சொத்தை மிஸ்அப்ரோப்ரியேட் செய்தார்’ என்று குற்றம் சாட்டியிருந்தார்.

வாக்கியத்தைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எறும்பு நுழையக்கூட இடமில்லாத வாக்கியம். ஏனெனில் அது என்னுடையது. நான் விட்டுவந்த மாதிரிப் படிவத்தில் பெயரையும் நாளையும் பொருளையும் மட்டும் மாற்றியிருந்தார்கள்.

“நல்லா எழுதியிருக்கு,” என்றேன்.

“அப்ப வேலை போவாதா அய்யா?”

சமையலறையிலிருந்து என் மனைவி வெளியே வந்தார். “ஏங்க, வேலை போவுமான்னு அது பதறிக்கினு நிக்குது. நீங்க பேப்பருக்கு மார்க்கு போட்டுக்கினு கீறீங்க!”

குற்றம் நிரூபணமானால் வேலை போகும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

“கழனித் தண்ணிக்கா?” அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நான் எடுத்தாதான அந்த எடமே சுத்தமா கீது?”

மறுமொழி எழுத அமர்ந்தேன். என் வாக்கியத்தை நானே உடைக்க இரண்டு நாள் ஆயிற்று. கழனித் தண்ணீரை அவரிடம் ஒப்படைத்தது யார், எந்தப் பதிவேட்டில், யார் கையெழுத்தில் என்று இரண்டு பக்கம் வினவினேன். விசாரணை முடியும்வரை வாயிலைத் தாண்டி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள் என்றும் அறிவுறுத்தினேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நான் எப்போதும் கூறும் நெறி அது. வேறு உள்நோக்கம் இல்லை.

அவர் நெறியைக் கடைப்பிடித்தார். பங்குனி வெயில். முதல் நாள் டிரம்கள் நிரம்பின. இரண்டாம் நாள் வழிந்தன. மூன்றாம் நாள் நுரைத்துக் காக்கைகளைக் கூட்டின. அவற்றை அகற்றுவது யார் வேலை என்று எவருக்கும் தெரியவில்லை. பத்தாண்டுகளாக அது யாருடைய வேலையாகவும் இருந்ததில்லை. டிரம்கள் நின்ற இடம் நிர்வாக அதிகாரியின் சன்னலுக்கு நேர் கீழே.

நான்காம் நாள் மாலையில் அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே வந்தார்.

“கர்ச்சீப்ப மூக்குல வச்சினு கூப்ட்டாரு அய்யா. ‘எம்மா, அந்த டிரம்ம எப்ப எடுத்துனு போவ?’ன்னாரு. ‘அது கம்பெனி சொத்து சார், நான் தொட்டா வேலை பூடும்’னேன். ‘எடுத்துனு போ தாயே’ன்னாரு. ‘வாயால சொன்னா ஆவாது சார், எழுதிக் குடு’ன்னேன்.”

அதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார். மெமோ திரும்பப் பெறப்பட்டது; கழனித் தண்ணீரை நாள்தோறும் அகற்றுவது அந்தப் பெண்மணியின் பொறுப்பு என்று அனுமதியும் வழங்கப்பட்டது. அனுமதிக் கடிதத்தைப் படித்துப் பார்த்தேன். மூன்று வரிகளில் இரண்டு பிழைகள். என் இரண்டு பக்க மறுமொழி பிரிக்கப்படாத உறையோடு கோப்பில் கிடப்பதாக அந்தப் பெண்மணியே சொன்னார்.

“அய்யா எழுதினதுதான் எனக்கு தைரியம்,” என்றும் சொன்னார். மரியாதைக்காகச் சொன்னது.

ரயிலடித் தேநீர்க் கடையில் வேறு விதமாகப் பேசுகிறார்கள். மெமோவையும் நானே எழுதிக் கொடுத்து, பதிலையும் நானே எழுதிக் கொடுத்து, அதற்காக நாள்தோறும் அரை லிட்டர் எருமைப் பால் பெற்றுக்கொள்கிறேனாம். மெமோவை எழுதியது நான் அல்ல. வாக்கியம் மட்டுமே என்னுடையது. எருமைப் பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் பாக்கெட் பால்தான்.