பொன்னரசைச் சாகவிடாதவள்

ஜெகதாப்பட்டினம் இறால் ஷெட்டில் சொர்ணத்துக்கு இரண்டு வேலை. ஒன்று, மற்ற இருபது பெண்களைப் போல இறால் தலை கிள்ளுவது. அதற்குக் கூலி உண்டு. இன்னொன்று, செவ்வாயும் வியாழனும் காலை பதினோரு மணிக்கு ரேடியோ நாடகத்தைத் தன் வாயால் சொல்வது. அதற்குக் கூலி கிடையாது. ஆனால் அதற்காகத்தான் அவள் வேலைக்கே வருகிறாளோ என்று மேஸ்திரிக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் சரிதான்.

ஷெட்டை ஒட்டினாற்போல ஐஸ் கம்பெனி. அங்கே ஐஸ் அரைக்கிற மிஷின் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவள் தும்முவதுகூடக் கேட்காது. ரேடியோ எங்கே கேட்கும்? அதனால் சொர்ணம் போனைப் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்வாள். காதில் விழுகிற வசனத்தை அரை வரி பின்னாலேயே உரக்கச் சொல்லிக்கொண்டு வருவாள். மருமகளுக்கு மருமகள் குரல், போலீசுக்குப் போலீஸ் குரல். குன்றாண்டார்கோவில் பக்கம் கடலைக்காட்டில் பிறந்து, இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு ஆள் கூப்பிட்டே வளர்ந்த தொண்டை. மிஷின் அதனிடம் தோற்றுப்போகும். அந்த மிஷினை ஓட்டுகிறவர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர் முத்துக்குமார்தான். இருபது வருஷத்துக்கு முன்னால் ஐஸ் கம்பெனி வேலைக்கென்று வந்தவர், கூடவே அவளையும் இந்தக் கடற்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

“நாடகம் ஓடுற அரைமணி நேரம் அதைக் கொஞ்சம் நிறுத்துனா என்னங்க, குடியா முழுகிப்போகும்?” என்று கேட்டுப் பார்த்துவிட்டாள்.

“ஐஸ் இல்லாம மீனு நாறுனா ஒன் நாடகக்காரனா வந்து வாங்கிட்டுப் போவான்?” என்பார் அவர்.

நாடகத்தின் பெயர் ‘எட்டாம் நம்பர் போட்டு’. மீன்பிடிப் படகைத்தான் அந்தப் பக்கம் போட்டு என்பார்கள். காத்தாயி என்ற ஒரு மீனவத் தாய், அவளை ஆட்டிவைக்கும் மூத்த மருமகள், இளைய மகன் பொன்னரசு. கடலுக்குப் போய்விட்டு வந்ததும் பொன்னரசு வாசலில் நின்றபடியே, “ஆத்தா, அடுப்புல என்ன கெடக்கு?” என்பான். வாரம் தவறாமல் இதே கேள்விதான். சொர்ணம் அந்த வரியைச் சொன்னதும் இருபது பெண்களும் கைவேலையை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் யாரும் பொன்னரசின் குரலைக் கேட்டதில்லை. அவர்களுக்குச் சொர்ணத்தின் குரல்தான் பொன்னரசு.

இப்போது அவளுடைய திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், சொர்ணத்துக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்கிற ஆவுடையாளின் மகன் விக்ரம் கடலில் இலங்கை நேவியிடம் பிடிபட்டு அக்கரைச் சிறைக்குப் போய்விட்டான். மூன்று வாரமாக ஆவுடையாள் யாரிடமும் பேசவில்லை. நாடகம் நடக்கும்போது மட்டும் முகம் கொஞ்சம் நிமிரும். அப்படி ஒரு வியாழக்கிழமை, பாழாய்ப்போன எழுத்தாளன் நாடகத்தில் புயலைக் கிளப்பிவிட்டான். எட்டாம் நம்பர் போட்டு கவிழ்ந்தது. பொன்னரசின் உடல் கரை ஒதுங்கியது. சொர்ணத்தின் காதுக்குள் காத்தாயி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். எதிரே ஆவுடையாள், கையில் கிள்ளாத இறாலோடு, அடுத்த வார்த்தைக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“பலகையப் பிடிச்சுக்கிட்டான்!” என்று கத்தினாள் சொர்ணம். “தூரத்துல ஒரு காரைக்கால் போட்டு வருது! தூக்கிட்டாங்க! தூக்கிட்டாங்கடி!”

ஷெட் கைதட்டியது. ஆவுடையாள் அந்த இறாலின் தலையைக் கிள்ளிக் கூடையில் போட்டாள்.

ஒரு பொய்யைப் பெற்றுவிடலாம், வளர்ப்பதுதான் பாடு. நாடகத்தில் பொன்னரசுக்குக் கருமாதி நடந்த அன்று ஷெட்டில் காத்தாயி நேர்த்திக்கடன் பொங்கல் வைத்தாள். பொன்னரசுக்குக் கை முறிந்தது, போன் கடலோடு போனது, காரைக்காலில் ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே டீக்கடைக்காரர் மகள் ஒருத்தி அவனுக்கு மட்டும் டீயில் சீனி தூக்கலாகப் போட்டாள். இரண்டு மாதம் கழித்து விக்ரம் வீடு வந்து சேர்ந்தான். இனி உண்மையைச் சொல்லிவிடலாமே என்றால், கல்யாணப் பேச்சு நடக்கிற பையனை எப்படிக் கொல்வது? நாடகம் இரவு எட்டு மணிக்கு மறுபடி ஒலிபரப்பாகும்தான். ஆனால் அந்த நேரத்தில் ஊரே டிவி முன்னால் கிடக்கும் என்பதால் சொர்ணம் தைரியமாக இருந்தாள்.

ஷர்லி என்கிற சின்னப்பெண் மட்டும் அந்த ஷெட்டில் இல்லாமலிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. கடைசிப் பகுதியைப் புதுக்கோட்டை நகர்மன்றத்தில் நேயர்கள் முன்னால் நடிக்கப்போவதாக ரேடியோவில் அறிவித்ததும், சொர்ணம் வாய் தவறி அதையும் அரை வரி பின்னால் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே ஷர்லி ரேடியோ நிலையத்துக்கு வாட்ஸப்பில் பாஸ் கேட்டு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். மூன்று பாஸ் வந்தது.

“நீங்க, நானு, ஆவுடையாக்கா!” என்று குதித்தாள் ஷர்லி. “கடைசியில பொன்னரசு வீட்டுக்கு வந்துருவான்லக்கா? அவன் வந்து நின்னு அந்த வார்த்தையக் கேக்கணும். எனக்கு இப்பவே புல்லரிக்குது!”

போகாமல் இருந்துவிடலாமா என்று சொர்ணம் ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் உண்மையைச் சொன்னால், அவளுக்கும் கால் தரையில் பாவவில்லை. இரண்டு வருஷமாகக் காதுக்குள்ளேயே குடியிருந்தவர்களைக் கண்ணால் பார்க்கப்போகிறாள்! பயமும் ஆசையும் சண்டை போட்டதில் ஆசை ஜெயித்தது. பீரோவிலிருந்து மாம்பழ நிறப் பட்டுப்புடவையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை போட்டு கடலுக்குப் போவதில்லை, ஷெட்டிலும் வேலை இல்லை. காலை எட்டு மணி பஸ்ஸில் மூவரும் ஏறினார்கள். ஷர்லி மடியில் ஒரு பொட்டலம்.

“என்னடி அது, பஸ்ஸே மணக்குது?” என்றாள் ஆவுடையாள்.

“நெத்திலிக் கருவாடுக்கா. பொன்னரசா நடிக்கிறவருக்கு. ஷெட்டுல எல்லாரும் சேந்து கொடுத்துவிட்டாக.”

சொர்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இல்லாதவனுக்குக் கருவாடு வேறு! அறந்தாங்கியில் பஸ் மாறினார்கள். மல்லிகைப்பூ வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழியெல்லாம் ஷர்லி, காத்தாயி குண்டாக இருப்பாளா ஒல்லியா, மூத்த மருமகளுக்கு மூக்குத்தி ஒன்றா இரண்டா என்று பந்தயம் கட்டிக்கொண்டே வந்தாள். ஆவுடையாள்கூடச் சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்கச் சொர்ணத்துக்கு உள்ளே இன்னும் கலக்கம் கூடியது. இந்தச் சிரிப்பைக் கெடுக்கிற பாவம் தனக்குத்தானே வந்து சேரப்போகிறது என்று நினைத்தாள். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தன் இரண்டு இட்லியையும் ஷர்லியின் இலைக்குத் தள்ளிவிட்டாள்.

நகர்மன்றத்தில் இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது. மேடையில் வீடும் இல்லை, கடலும் இல்லை. ஐந்து மைக், ஐந்து ஸ்டாண்டில் தாள். ஓரத்தில் ஒரு மேசை நிறையத் தட்டுமுட்டுச் சாமான்: முறம், வாளி, கொலுசு, ஒரு பழைய கதவு. அந்த மேசைக்குப் பின்னால் வேட்டி கட்டிய இளைஞன் ஒருவன் நின்றான். நடிகர்கள் ஐவரும் வந்து மைக் முன்னால் நின்றார்கள். காத்தாயியாக நடிப்பவர் சுடிதார் போட்ட டீச்சர் மாதிரி இருந்தார். மூத்த மருமகளுக்கு மூக்குத்தியே இல்லை. ஆனால் விளக்கு மங்கி, ஓர மேசைக்காரன் முறத்தில் கடுகைப் போட்டு மெல்லச் சாய்த்ததும், அலை வந்து காலை நனைத்த மாதிரி இருந்தது சொர்ணத்துக்கு. ஐயோ, எவ்வளவு அழகு! மிஷின் சத்தமே இல்லாமல் ஒரு நாடகம்! ஒரு மூச்சுக்கூடத் தப்பாமல் காதில் விழுகிறது. அவள் பயத்தையே மறந்துபோனாள்.

காத்தாயி பேசினாள். “பொன்னரசு போட்டோவுக்கு வெளக்கு ஏத்துனியா தாயி? நாளையோட அவன் போயி நாலு மாசம்.”

ஷர்லி டக்கென்று திரும்பினாள். “என்னக்கா சொல்றாக? எங்க போனானாம்? காரைக்காலுக்கா?”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தாள் சொர்ணம். கத்தவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. மேடையில் காத்தாயி விம்மினாள். ஆவுடையாளின் காய்ப்பேறிய கை வந்து சொர்ணத்தின் மணிக்கட்டைப் பற்றியது.

“அக்கா,” என்றாள் சொர்ணம், குரலே எழும்பாமல். “நான் பொய் சொல்லிட்டேன்க்கா. அவன் அன்னைக்கே செத்துட்டான். ஒங்க மூஞ்சியப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வாய் வரலை.”

“தெரியும்டி.”

“என்னக்கா?”

“அன்னைக்கு ராத்திரியே தெரியும். எம்மகன் அங்கிட்டு இருக்கையில, நியூஸ்ல ஏதாச்சும் சொல்லுவாகளான்னு ரேடியோவப் போட்டே வச்சிருப்பேன். எட்டு மணிக்கு அவன் செத்ததையும் கேட்டேன். காலையில நீ காரைக்கால் போட்டக் கொண்டாந்தது எதுக்குன்னு அப்பத்தான் வெளங்குச்சு.” ஆவுடையாளின் கண் மேடையை விட்டு நகரவில்லை. “ரேடியோக்காரன் சொன்னத விட்டுட்டு நீ சொன்னதத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன். ஒன் பொன்னரசு ஒவ்வொரு நாளும் சாகாம இருந்தான்ல, அதுல எனக்கு ஒருவாய் சோறு எறங்குச்சு. இப்ப பேசாம நாடகத்தக் கேளு.”

சொர்ணம் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நாலு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கல்லைப் பக்கத்தில் இருந்தவளே எடுத்துக் கீழே வைத்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஷர்லிதான் பாவம், கருவாட்டுப் பொட்டலத்தை மாரோடு அணைத்துக்கொண்டு கடைசிவரை மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்து, கைதட்டல் ஓய்வதற்குள், நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார்கள். கடைசியாக அந்த ஓர மேசைக்காரன் மைக் முன்னால் வந்தான்.

“என் பேர் கவியரசன். நாலு மாசம் முன்னாடி வரைக்கும் நான்தான் பொன்னரசு. செத்ததுக்கு அப்புறம் அலை, மழை, கதவு எல்லாம் நான்தான்,” என்றான். அரங்கம் சிரித்தது.

“உசுரோட இருக்கான்!” என்று கத்தியேவிட்டாள் ஷர்லி.

மூவரும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடை ஓரத்துக்குப் போனார்கள். ஷர்லி பொட்டலத்தை நீட்டினாள். செத்த பிறகும் தனக்குக் கருவாடு வருகிறதே என்று அவன் திகைத்து நிற்க, ஆவுடையாள் முழுக் கதையையும் போட்டு உடைத்தாள். கவியரசன் சொர்ணத்தைப் பார்த்தான்.

“அப்ப நாலு மாசமா நான் எங்கக்கா இருக்கேன்?”

“காரைக்கால்லங்க. ஐஸ் கம்பெனியில வேலை. டீக்கடைக்காரர் மகளோட ஒங்களுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது.”

“ஐஸ் கம்பெனியா!” அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இங்க எனக்கு மொறத்தத்தான் குடுத்துருக்காக. நீங்க ஒரு பொண்ணையே பாத்துவச்சிருக்கீங்க!”

“தம்பி, எங்களுக்காக ஒருக்கா வீட்டுக்கு வந்துட்டுப் போங்க,” என்றாள் ஆவுடையாள். “அந்த ஒரு வார்த்தை போதும்.”

ஷர்லி ரெக்கார்டைப் போட்டு போனை நீட்டினாள். அவன் மேசையிலிருந்து முறத்தையும் எடுத்துக்கொண்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, சொர்ணம் இயர்போனை மாட்டவில்லை. நேராக ஐஸ் கம்பெனிக்குப் போய் முத்துக்குமார் முன்னால் நின்றாள்.

“ஒரே ஒரு நிமிசம் நிறுத்துங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, ஐஸ் உருகும் என்று சொல்லவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு அவளோடு ஷெட்டுக்கு வந்தார். பெண்கள் கையை நிறுத்தினார்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிற சத்தம் அன்றுதான் அந்த ஷெட்டில் கேட்டது. ஷர்லி போனை உயர்த்திப் பிடித்தாள். முதலில் கடுகு அலை. பிறகு கதவு கிறீச்சிட்டது.

“ஆத்தா, அடுப்புல என்ன கெடக்கு?”

பழக்கதோஷம், சொர்ணத்தின் உதடு அரை வரி பின்னால் தானாக அசைந்தது. ஆனால் அவள் சத்தத்தை விடவில்லை.

“வாடா,” என்றாள் ஆவுடையாள், இறால் கூடைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே. “மீன்கொழம்பு கெடக்கு. கையக் கழுவிட்டு ஒக்காரு.”