ஐஸுக்குள் ஒளித்த இன்சுலின்

என் கால் சுண்டுவிரலில் ரத்தம் வழிவதை நான் பார்க்கவில்லை. பக்கத்துக் கடை அமுதாதான் காட்டினாள். மீன் பெட்டியின் தகரம் கிழித்திருந்தது. வலியே இல்லை. ‘நியூரோபதி’ (சர்க்கரையால் நரம்பு மரத்துப்போவது) என்றார் சிதம்பரத்து டாக்டர்.

திருப்பாதிரிப்புலியூரில் மீன் விற்கிறேன். எனக்குச் சர்க்கரை என்பது வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். நோய்க்காரி கையால் யார் மீன் வாங்குவார்கள் என்ற பயம். கொஞ்சம் வீறாப்பும்தான்.

டாக்டர் இன்சுலின் (சர்க்கரையை இறக்கும் ஊசி மருந்து) எழுதித் தந்து, குளிர்ச்சியாக வைக்கச் சொன்னார். குளிர்ச்சிக்கு எனக்கா பஞ்சம்? மருந்தைப் பாலிதீன் பையில் சுற்றி, வஞ்சிரத்துக்கு அடியில் ஐஸுக்குள் புதைத்தேன். மதியம் மறைவாகப் போய்ப் போட்டுக்கொள்வேன். மூன்று வாரமாகியும் சர்க்கரை இறங்கவில்லை. விரல் கறுத்தது.

“விரல எடுக்கவேண்டி வரும்மா. ஊசி ஒழுங்கா போடுறீங்களா?”

“சத்தியமா போடுறேன் சார்.”

“மருந்த எங்க வைக்கிறீங்க?”

சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உறைந்த இன்சுலின் வேலை செய்யாதாம். வெட்கத்தில் அழுதேன். புண்ணைச் சுத்தம் செய்து, புது மருந்து கொடுத்து, பத்து நாள் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் அமுதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இத்தினி நாளா இன்னாத்துக்குக்கா மறச்ச? நானும் ரெண்டு வருஷமா சக்கர மாத்திரதான் முழுங்கிக்கினு கீறேன்.”

அடிப்பாவி, அவளும் மறைத்திருக்கிறாள்! அன்றே மருந்து வைக்க மண்பானையில் தண்ணீர் பிடித்து வந்தாள். அவள் சொல்லி, நான் சாப்பிடும்போது எதிர்க்கடை செல்வி என் கடையைப் பார்த்துக்கொண்டாள். காலையில் இருவரும் என் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். செருப்பில்லாமல் நின்றால் திட்டு விழும்.

பத்தாம் நாள் டாக்டர் கட்டைப் பிரித்தார். கறுப்பு பரவவில்லை. இரண்டு மாதத்தில் புண் ஆறியது. பத்து விரலோடு நிற்கிறேன். அதில் எனக்குப் பெருமை, அந்த இருவராலும் பெருமை. உங்களில் யாராவது மறைத்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

படகு வரும் நேரம்தான் முன்பெல்லாம் என் நேரம். பசியையும் என் கால்களையும் நினைத்ததே இல்லை. இப்போது ஒரு மணியானால் கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவுகிறேன். நேற்று ஒருவர் சங்கரா மீன் கேட்டு அவசரப்படுத்தினார்.

“செத்த இருங்க சார். அக்கா ஊசி போட்டுக்கினு சாப்புடுது” என்றாள் அமுதா, கடைத்தெருவுக்கே கேட்கும்படி.

அவர் காத்திருந்தார். நான் நிதானமாகச் சாப்பிட்டேன்.