ஏழாம் கட்டில் பெரியவரின் கூப்பாடு

முதியோர் இல்லத்தில் அவளுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். பதினெட்டு வருஷமாக ஆயா வேலை. டாக்டரே செருப்போடு வந்தாலும் வாசலில் நிறுத்திவிடுவாள். சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும் என்று பயிற்சியில் கற்றதை ஒருநாளும் விட்டதில்லை. "கையைத் தூக்குறேன்யா. இப்ப முதுகு. தண்ணி சூடா இருக்கா?" காது கேளாதவர்களிடமும் இதேதான்.

ஏழாம் கட்டில் பெரியவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு நம் பேச்சு மறந்துபோயிற்று. வாயில் வந்ததெல்லாம் அவர் பிறந்த மலைக்காட்டு மக்களின் பேச்சு. அதைப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குளிக்கும்போது அவர்பாட்டுக்குப் பேசுவார். தொல்லை பொழுது சாயும்போதுதான். வாசலைப் பார்த்து ஒரே கூப்பாடு. நர்ஸ் நோட்டில் 'உளறல்' என்று எழுதினாள். திங்கட்கிழமை முதல் தூக்க மாத்திரை என்று முடிவாயிற்று.

"தூங்கிக்கிட்டே கிடந்தா சோறு எப்பத் திங்கிறது? படுக்கைப் புண்ணு வந்தா யாரு பாக்குறது?" என்று சண்டைக்குப் போனாள் சட்டாம்பிள்ளை.

"அப்ப நீயே நிறுத்திக் காட்டு," என்றாள் நர்ஸ்.

சனிக்கிழமை பெரியவரின் மகள், அந்தப் பேச்சை ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். அந்தப் பெண் பதிவுக் கருவியை வைத்துப் படம் படமாகக் காட்டினாள். பெரியவர் வாயே திறக்கவில்லை.

"படத்துல இருக்கிற தண்ணியப் பாத்து யாரும்மா பேசுவா?" சட்டாம்பிள்ளை கருவியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளியலறைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் பெரியவரைக் குளிப்பாட்டினாள். அரை மணி நேரத்தில் அவர் பேச்சில் முழங்கால், அரிப்பு, கண்ணில் சோப்புப் பட்டதற்கான திட்டு எல்லாம் பதிவாயின. ஆராய்ச்சிப் பெண்ணுக்கு முகமெல்லாம் பல்.

"உன் வேலை முடிஞ்சுது, என் வேலை முடியலை. ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் இருங்க."

மகள் வழக்கமாக ஞாயிறு காலையில் வந்து மதியத்துக்குள் போய்விடுகிறவள். கூப்பாட்டைக் கேட்டதே இல்லை. பொழுது சாய்ந்து பெரியவர் தொடங்கியதும் திடுக்கிட்டாள்.

"அது எங்க அத்தை பேரு! அடுத்தது சித்தப்பா!"

"பேருக்குப் பின்னால 'வந்துட்டியா'ன்னு கேக்குறார்," என்றாள் ஆராய்ச்சிப் பெண். "அந்தியில வீட்டுக்கு மூத்தவங்க ஒவ்வொருத்தரையா கூப்பிடுவாங்களாம். எல்லாரும் பதில் சொன்னாத்தான் கதவைச் சாத்துவாங்களாம்."

"ஆறு மாசமா பதில் சொல்ல ஆளில்லாமலா கத்தியிருக்காரு மனுஷன்?"

"என்ன பதில் சொல்றது ஆயாம்மா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தரலையே. இதைப் பேசினதுக்குப் பள்ளிக்கூடத்துல அவரு பட்ட அடி எங்களுக்கு வேணாம்னு..." மகள் அழத் தொடங்கினாள்.

கூப்பிட்டால் பதிலுக்குச் சொல்லும் சொல் ஆராய்ச்சிப் பெண்ணின் நோட்டில் இல்லை. சட்டாம்பிள்ளையிடம் இருந்தது. கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று "இருக்கீங்களாய்யா?" என்று தினம் நாலு தரம் கேட்பவளாயிற்றே. உள்ளேயிருந்து பதிலாக வரும் அந்த ஒற்றைச் சொல்லை இருவர் காதிலும் போட்டாள்.

பெரியவர் மறுபடி தொடங்கியதும் அத்தைக்காகச் சட்டாம்பிள்ளையே சொன்னாள். சித்தப்பாவுக்காக ஆராய்ச்சிப் பெண் சொன்னாள். பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். மகளின் பெயர்.

அவள் முனகினாள்.

"அழுதுகிட்டே சொன்னா அவருக்குக் கேக்காது. சத்தமா சொல்லு!"

சொன்னாள். பெரியவர் ஏதோ சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

"கதவைச் சாத்தச் சொல்றார்," என்றாள் ஆராய்ச்சிப் பெண்.

"மாத்திரை வேணாம்னு நானே டாக்டர்கிட்டச் சொல்லிடுறேன்," என்றாள் வாசலில் நின்ற நர்ஸ். சட்டாம்பிள்ளை அவளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.