மின்வெட்டில் நின்றவன்

இ-சேவை மையத்து ஏசியில் ஈரப்பாய் வாடை அடித்ததும் சிம்மக்கல் பிரவுசிங் சென்டரின் எட்டுக் கணினிகள் நினைவுக்கு வந்தன. அங்கே, படமில்லாமல் எழுத்து மட்டுமே ஓடிய ஓர் இணைய விளையாட்டில், பன்னிரண்டு வயதில், முகம் தெரியாத வெளிநாட்டவர்களோடு ஒரு வருடம் வாள்வீரனாக வாழ்ந்தேன். அந்த விளையாட்டில் செத்தால் செத்ததுதான். மின்சாரம் போனால், பேட்டரி இல்லாத என் கணினி அணைந்துவிடும், வீரன் மட்டும் விளையாட்டுக்குள் அசையாமல் நிற்பான்.

ஒருநாள் மின்சாரம் போய் அப்படித்தான் நின்றான். பேட்டரிக் கணினியில் விளையாடிய நண்பன் முருகேசன், "மாப்ள, மரமாட்டம் நிக்கிறியேடா, குத்தவா?" என்றான்.

"வேணாம்டா, ஒரு வருசமா வளத்தது."

குத்திக்கொண்டே, திரையில் ஓடிய ஒவ்வொரு குத்தையும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான்.

மின்சாரம் வந்ததும் என் வீரனின் பெயரை அடித்தேன். அப்படி யாருமில்லை, புதிதாகப் பிறக்கிறாயா என்று கேட்டது திரை.

"பொறந்து வா மாப்ள," என்றான் முருகேசன். "ஒன் வாளோட இங்கனதான் நிக்கிறேன்."